அப்பாவுக்கு ஒரு துண்டு எலுமிச்சை

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் மூன்றடி அகலத்துக்குத்தான் மண் இருக்கிறது. மீதியெல்லாம் சிமெண்ட். மலேசியாவில், பினாங்குத் தீவின் குளுகோர் பக்கத்துத் தொடர்வீடுகள் எல்லாமே அப்படித்தான். அந்த மூன்றடியில் அம்மா பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெலிம்பிங் கன்றை நட்டார். பழக்கடையில் விற்கும் நட்சத்திரப்பழத்தின் ஜாதிதான், ஆனால் வேறு மரம். விரல் நீளத்தில், வெளிர்பச்சையில், அடிமரத்தை ஒட்டிக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும். மலாய்க்காரர்கள் பெலிம்பிங் பூலோ என்பார்கள், கேரளத்தில் இரும்பன் புளி. அம்மாவுக்கு அது வெறும் புளிக்காய்.

காய்க்க ஆரம்பித்தால் அதற்கு நிறுத்தம் தெரியாது. மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக நாலு காய் போடுவார் அம்மா. நெத்திலிச் சம்பாலில் வட்டவட்டமாக நறுக்கிப் போடுவார். அக்கம்பக்கத்துக்குப் பை பையாகக் கொடுப்பார். அதற்கு மேலும் விழுந்து கிடக்கும். காலையில் கதவைத் திறந்தால் புளித்த வாடையும் எறும்பு வரிசையும்தான் முதலில் தெரியும். வீணாகிறதே என்ற கவலையில்தான் அம்மா அதை உப்பில் போட்டுக் காயவைக்கவும் ஊறுகாய் போடவும் ஆரம்பித்தார். எங்கள் வீட்டு ஊறுகாய்க் கதை அந்த மரத்தில்தான் தொடங்குகிறது. கிட்டத்தட்ட அந்த மரத்திலேயே முடிந்தும் போயிருக்கும்.

அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. பட்டர்வொர்த்தில் துறைமுகத்தில் வேலை செய்தவர். இருபது வருஷமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, அதற்குப் பிறகு வந்தது ரத்தக்கொதிப்பு. இந்த நாட்டில் இது அபூர்வமான ஜோடி இல்லை. 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் வீடுகளில் மாத்திரை டப்பா சாமி மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் ஒரு பூஜை மாதிரி.

போன வருஷம் உறவுக்கார அத்தை ஒருத்தர் வந்திருந்தபோது மரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காய வச்சிக்கிட்டா மாத்திரை தின்னுக்கிட்டு இருக்கீங்க? தினம் வெறும் வயித்துல சாறு புழிஞ்சு குடிங்க, கொதிப்பும் எறங்கும், சக்கரையும் எறங்கும்" என்றார். அவர் அன்பில்தான் சொன்னார். இந்த வைத்தியம் நம் மக்களிடம் மட்டுமல்ல, மலாய்க்காரர்களிடமும் உண்டு. அப்பா கேட்டுக்கொண்டார். வீட்டில் காய்த்தது, காசு இல்லை, மருந்துக்கடை வாடை இல்லை. தினமும் அரை கிளாஸ். நானும்தான் புழிந்து கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ஒரு கணக்கு எழுதுவார்கள் இல்லையா, அது முந்தின வருஷம் 52 இருந்தது. இப்போது 41. டாக்டர் சின்னப் பெண். மருந்தெல்லாம் சரியாகச் சாப்பிடுகிறாரா, வேறு ஏதாவது நாட்டு மருந்து உண்டா என்று கேட்டார். அப்பா பெருமையாகப் பெலிம்பிங் சாற்றைச் சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது அந்த அரை கிளாஸ் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம். பெலிம்பிங்கில் ஆக்ஸாலிக் அமிலம் மிக அதிகம். சாறாகப் புழிந்து வெறும் வயிற்றில் குடிக்கும்போது அது மொத்தமாக உடம்புக்குள் இறங்குகிறது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிகிறது. நல்ல சிறுநீரகத்தையே அது கெடுத்துவிடும், ஏற்கெனவே தளர்ந்ததைக் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கொழுப்பு குறையும் என்று இரும்பன் புளிச் சாறு குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013-இலேயே எழுதியிருக்கிறார்கள். நட்சத்திரப்பழமும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது. அதில் உள்ள ஒரு நஞ்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, அது மூளையைத் தாக்கும். விடாத விக்கல்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி.

சாறு நின்றது. குழம்பில் போடும் காயும் அப்பாவின் பங்கில் நின்றது. அடுத்த மூன்று மாதத்தில் கணக்கு 46-க்கு ஏறியது. அதோடு விட்டிருந்தால் நிம்மதிதான். ஆனால் அதே நாளில் கிளினிக்கின் உணவு ஆலோசகர் இன்னொன்றையும் சொல்லி அனுப்பினார்: உப்பு. ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே சொல்லும் அளவு அதுதான், அப்பாவுக்குக் கட்டாயம்.

நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் ஊறுகாய் ஜாடிகளை எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன். அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா கெடாவில், சுங்கைப்பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கி, பெண்பிள்ளைகளை ஆள் சேர்த்த காலத்தில் பினாங்குக்கு வந்தார். கொண்டுவந்த பெட்டியில் இரண்டு புடவையும் பாட்டி கொடுத்த ஒரு பழுப்புநிறப் பீங்கான் ஜாடியும். ஐம்பது வருஷமாக அந்த ஜாடி காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் அதைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். ஐந்து மாதம் அது கவிழ்ந்தே கிடந்தது.

அந்த ஐந்து மாதத்தில் அப்பா ஆறு கிலோ இளைத்தார். உப்பில்லாத ரசம், உப்பில்லாத கீரை, அவித்த மீன். தட்டை முன்னால் வைத்தால் பாதியோடு எழுந்துவிடுவார். "பசிக்கலமா" என்பார். நோய்க்காகச் செய்த சமையல் நோயாளியைச் சாப்பிட விடாமல் செய்துகொண்டிருந்தது. அது எனக்குப் புரியவே தாமதமானது.

அப்போது நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் "சோடியம் குறைந்த உப்பு" என்று ஒன்று விற்கிறார்கள். சாதாரண உப்பைவிட விலை பல மடங்கு. இதுதான் வழி என்று இரண்டு பாக்கெட் வாங்கிவந்து, அம்மாவைக் கெஞ்சி, இரண்டு கிலோ எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட வைத்தேன். அம்மா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கசக்குது பாப்பா, இது உப்பில்ல" என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த முறை கிளினிக்குப் போனபோது சந்தோஷமாக அதை ஆலோசகரிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் உடம்பில் பொட்டாசியம் வெளியேறாமல் தங்கும், தங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தக்கொதிப்பு மட்டும் உள்ளவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். சிறுநீரக நோயாளி டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இரண்டு கிலோ ஊறுகாயையும் குப்பைப் பையில் கொட்டினேன். சோற்றையே கீழே கொட்டாத அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

வழி காட்டியது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவர் ஹொக்கியன் சீனர். அவரும் அம்மாவும் நாற்பது வருஷமாக வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று மலாயில் பேசிக்கொள்கிறவர்கள், எல்லாம் பாசார் மலாய் என்கிற சந்தைப் பேச்சுதான், ஆனால் அதில் அவர்கள் பேசாத விஷயம் இல்லை. சீனப் புத்தாண்டுக்கு வாசலில் வைக்கும் கஸ்தூரி எலுமிச்சைச் செடி இருக்கிறதே, குட்டிக் குட்டியாய் மஞ்சள் பழத்தோடு, அந்த அளவுப் பழங்களை ஆன்ட்டி கல்லுப்பில் போட்டுக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து வெயிலில் வைப்பார். வாசல் அலங்காரச் செடியில் மருந்து அடித்திருப்பார்கள் என்று அதைத் தொடமாட்டார், சந்தையில்தான் வாங்குவார். மூன்று வருஷமான போத்தல் ஒன்று அவரிடம் இருக்கிறது. பழம் கரும்பழுப்பாகி, தேன்மாதிரி ஊறியிருக்கும். தொண்டை கட்டினால் ஒரு பழத்தைச் சுடுநீரில் நசுக்கிக் கொடுப்பார்.

ஆன்ட்டியின் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். எங்களைவிட அவர்களுக்குத்தான் உப்பு பெரிய எதிரி. அம்மா ஒருநாள் வேலியோரம் நின்று, ஜாடியைக் கவிழ்த்து வைத்த கதையைச் சொன்னார். ஆன்ட்டி உள்ளே போய் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். உப்புக்கடுகுக் கீரையை நன்றாக அலசி, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு நறுக்கி வைத்திருந்தார். கஞ்சிக்கு அவருக்கு நாலே நாலு துண்டு. "கஞ்சியில் உப்பே போடமாட்டேன். இந்த நாலு துண்டுதான் அவருக்கு உப்பு. நாக்குக்கு உப்பு தெரிந்தால் போதும், வயிற்றுக்குத் தெரிய வேண்டாம்" என்றாராம்.

நான் அச்சடித்துக் கொண்டுவந்த தாள்களைப் பார்த்துத் திரும்பாத அம்மா, அந்தத் தட்டைப் பார்த்ததும் திரும்பினார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் என் கேக் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கணக்கு இதுதான். எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாயில் ஒரு கிலோ பழத்துக்கு 180 கிராம் கல்லுப்பு. மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1400 கிராம் ஆகிறது. நூறு கிராம் ஊறுகாயில் கிட்டத்தட்ட 13 கிராம் உப்பு. அம்மா பழத்தை நாலாக நறுக்குவார். அப்பா ஒரு வேளைக்கு இரண்டு துண்டு எடுப்பார். தராசில் வைத்துப் பார்த்தோம், மசாலாவோடு 28 கிராம். அதாவது மூன்றரை கிராம் உப்பு, ஒரே வேளையில், ஊறுகாயிலிருந்து மட்டும். குழம்பும் பொரியலும் அதற்கு மேலே.

அதே பழத்தைப் பதினாறாக நறுக்கினால் ஒரு துண்டு மசாலாவோடு மூன்றரை கிராம் வருகிறது. அதில் உப்பு அரை கிராமுக்கும் குறைவு.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஊறுகாயில் உப்பைக் குறைக்காதீர்கள். தட்டில் ஊறுகாயைக் குறையுங்கள். பலரும் செய்முறையில் உப்பைப் பாதியாக்கிவிட்டு ஒரு மாதத்தில் பூஞ்சை பிடித்ததும் கைவிடுகிறார்கள். எலுமிச்சைக்குச் சொந்தப் புளிப்பே பெரிய காவல் என்பது உண்மை. ஆனால் தோலை இளக்குவதும், பூஞ்சையையும் நொதிப்பையும் அடக்குவதும் உப்பின் வேலை. பினாங்கு மாதிரி சுவரே வியர்க்கும் ஊரில் அந்த வேலையை வேறெதுவும் செய்யாது.

அம்மாவின் முறையை எழுதிவைக்கிறேன், அவரிடம் உட்கார்ந்து கேட்டு, தராசில் நிறுத்து எழுதியது. பழம் மெல்லிய தோலாக, மஞ்சளேறி இருக்கவேண்டும். பச்சைப் பழத்தின் தோல் கசக்கும். கழுவி, துடைத்து, ஒரு ராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்றில் பரப்பி வைக்கவேண்டும். இங்கே துணியால் துடைத்தால் மட்டும் ஈரம் போகாது. மறுநாள் பதினாறாக நறுக்கி, விதையை எடுத்துவிட்டு, கிலோவுக்கு 180 கிராம் கல்லுப்பும் ஒரு தேக்கரண்டி மஞ்சளும் கலந்து ஜாடியில் போட்டு வெள்ளைத்துணியால் வாய் கட்டவேண்டும். பீங்கான் அல்லது கண்ணாடி மட்டுமே. அலுமினியத்தையும் இரும்பையும் புளிப்பு அரித்துவிடும். தினமும் ஒரு தடவை குலுக்கவேண்டும், இது அப்பாவின் வேலை இப்போது. மூன்று வாரத்தில் தோல் நகத்தால் கீறினால் விட்டுக்கொடுக்கும். அதன்பிறகு நல்லெண்ணெயைக் காய்ச்சி, கடுகு வெடிக்கவிட்டு, பெருங்காயம் போட்டு, முழுதாக ஆறவைத்து, 60 கிராம் மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டியும் சேர்த்து ஊற்றவேண்டும். எண்ணெய் கிலோவுக்கு 200 மில்லி.

ஆறவைத்து என்பதை அம்மா மூன்று தடவை சொன்னார். சூடாக ஊற்றினால் ஜாடிக்குள் ஆவி வியர்த்து, அந்த நீரில்தான் முதல் பூஞ்சை பிடிக்கும்.

பிறகு எல்லாவற்றையும் பெரிய ஜாடியிலேயே விடுவதில்லை. வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்த சின்னச் சின்னப் போத்தல்களில் அடைத்து, திறந்ததை ஐஸ்பெட்டியில் வைக்கிறோம். இதுவும் ஆன்ட்டியிடம் கற்றதே. மேலே ஒரு புள்ளி வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தாலும் அந்தப் போத்தல் முழுவதும் குப்பைக்குத்தான். மேலாக எடுத்துவிட்டுச் சாப்பிடுகிற பழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்தது, ஆனால் பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூண்டை உரித்து எண்ணெயில் ஊறப்போட்டு மேசைமேல் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டாம். எலுமிச்சையில் உள்ள புளிப்பு பூண்டில் இல்லை. எண்ணெய்க்கு அடியில் காற்றும் கிடையாது. பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. வாடையும் வராது, நிறமும் மாறாது. பூண்டெண்ணெய் வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து ஐஸ்பெட்டியில் வைத்து, நாலு நாளில் முடித்துவிடுங்கள்.

காயவைக்கிற விஷயத்தில் நான் நிறைய நஷ்டப்பட்டிருக்கிறேன். மதுரைப் பக்கத்து அம்மா ஒருவரின் வீடியோவைப் பார்த்து, மூன்று நாள் வெயிலில் மோர்மிளகாய் என்று அக்டோபர் மாதம் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் மிளகாய்மேல் பஞ்சு முளைத்திருந்தது. அந்த அம்மா சொன்னதில் தவறே இல்லை. அவருடைய வெயில் வேறு. செப்டம்பரும் அக்டோபரும்தான் பினாங்கில் மழை அதிகம். காலையில் சுள்ளென்று அடிக்கும், இரண்டு மணிக்கு மேகம் மலைமேல் ஏறும், மூன்று மணிக்கு ஊற்றும். வெயில் இருக்கும்போதும் காற்றில் ஈரம் இருக்கிறது.

எங்களுக்குக் காயவைக்கும் காலம் என்றால் ஜனவரியும் பிப்ரவரியும். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் இடைப்பட்ட நாட்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலோடு நடந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தார்ச்சாலை எப்படிச் சுடும் என்று. அந்தச் சூட்டில்தான் அம்மா வருஷத்துக்கான மோர்மிளகாயைப் போடுவார். ராத்திரி மோரில், பகலில் முறத்தில். இரண்டு மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிடவேண்டும், வானம் நீலமாக இருந்தாலும். மற்ற மாதங்களில் எங்களுக்குக் கேக் சுடும் அவன் அடுப்புதான். 70 டிகிரிக்குள் வைத்து, கதவை ஒரு மரக்கரண்டி நுழையும் அளவுக்குத் திறந்துவைத்து, ஈரம் வெளியே போகவிட்டு. தோட்டத்தில் பாட்டி விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டி மிளகாயைத் தொங்கவிடுவாராம். நான் அந்த அடுப்பை வாங்கியபோது அம்மா அதைத்தான் ஞாபகப்படுத்தினார். கடல் தாண்டி வந்தவர்கள் வந்த முதல் மழையிலேயே கற்றுக்கொண்டிருக்கிறார்கள், செய்முறை ஊரிலிருந்து வரலாம், வெயில் வராது என்று.

அப்பாவின் தட்டுக்குத் திரும்புகிறேன். ஒரு துண்டு ஊறுகாய்க்கு இடம் வேண்டுமென்றால் மற்ற இடத்தில் உப்பு விலகவேண்டும். கிச்சாப் என்கிற சோயா சாஸ், கருவாடு, பாக்கெட் மீ நூடுல்ஸ் மூன்றும் அவர் பக்கம் வருவதில்லை. குழம்பில் உப்பைப் பாதியாக்கி, இறக்கும்போது எலுமிச்சைச் சாறு பிழிகிறோம். புளிப்பு இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடுவதில்லை. சின்ன வெங்காயத்தையும் வெள்ளரிக்காயையும் நறுக்கி, வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பச்சைமிளகாய் கீறிப்போட்டு வைக்கிறேன், உப்பே இல்லாமல். கல்யாண வீட்டு அச்சார் மாதிரி இருக்கிறது என்கிறார். அது ஊறுகாய் இல்லை, நாலைந்து நாள்தான் நிற்கும், ஐஸ்பெட்டியில். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னார்கள், பொட்டாசியம் கொஞ்சம் அதோடு போகும் என்று. கீரை வெந்த நீரில் சூப்பு வைத்துப் பழகிய கைக்கு அதைக் கொட்டுவது சிரமம்தான். கொட்டுகிறோம்.

செடிகளை அப்பாவிடம் கொடுத்தது நல்ல யோசனையாக அமைந்தது. அவர் இளைத்துப் போய் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த நாட்களில், "அப்பா, இந்தத் தொட்டிங்கள இனிமே நீங்கதான் பாக்கணும்" என்றேன். கார் நிறுத்தும் போர்ச்சில் பன்னிரண்டு தொட்டிகள். கருவேப்பிலை, சிலி பாடி மிளகாய், ரம்பை, கற்பூரவள்ளி, சங்குப்பூ, ஒரு கஸ்தூரி எலுமிச்சை.

கஸ்தூரி போய்விட்டது. இலையில் மஞ்சள் திட்டுகள் வந்தன, நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் கோணல்மாணலாக. உரம் போதவில்லை என்று நான் உரம் போட்டேன். காய்கள் ஒருபக்கம் சூம்பி, பச்சையாகவே உதிர்ந்தன. விவசாயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னார், இது பச்சைப்பழ நோய், எலுமிச்சைக் குடும்பத்தையே அழிக்கிறது, மருந்து கிடையாது, பிடுங்கித்தான் எறியவேண்டும் என்று. அதைச் சுமந்துவருவது எள்ளளவுப் பூச்சி ஒன்று, கொழுந்தில் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பூச்சி எலுமிச்சையை மட்டும் நம்பி வாழவில்லை. கருவேப்பிலையும் அதற்கு வீடு. தாமான் குடியிருப்புகளில் வேலிக்கு வைக்கிறோமே வெள்ளைப்பூ கெமுனிங், அது அதற்கு மிகப் பிடித்த வீடு. எங்கள் போர்ச்சில் கருவேப்பிலையும் எலுமிச்சையும் ஒட்டி நின்றன, எதிர்வீட்டு வேலி முழுக்க கெமுனிங்.

கருவேப்பிலை இதில் சாவதில்லை, அதனால்தான் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. இப்போது அப்பா வாரம் ஒருமுறை அதன் கொழுந்தைப் புரட்டிப் பார்க்கிறார். வெள்ளை மெழுகு இழைகள் தெரிந்தால் குஞ்சுகள் இருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் கொழுந்தைக் கிள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, மீதியைச் சோப்புத் தண்ணீரால் அடித்துக் கழுவுகிறார். கிள்ளக் கிள்ளச் செடி பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகிறது. மெலிந்து நெடுநெடுவென்று நின்ற செடி இடுப்பளவில் புதராகிவிட்டது. எலுமிச்சை மறுபடி வைக்கவில்லை. ஆயர் ஈத்தாம் சந்தையில் வாங்கிக்கொள்கிறோம்.

சனிக்கிழமை காலை தொட்டித் தட்டுகளைக் கழுவும் நாள். இதில் மட்டும் நாங்கள் யாரும் யாரையும் விடுவதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மகன் டெங்கியில் நாலு ராத்திரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். சுகாதார அதிகாரிகள் வந்து தேடியபோது கொசுப்புழு இருந்தது ரம்பைத் தொட்டியின் அடித்தட்டில், நான் ஆசையாய் வளர்த்த செடியில். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம்தான் எடுக்கும், அதனால்தான் வாரம் ஒருமுறை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் உள்விளிம்பைத் தேய்க்கவும் வேண்டும். முட்டை அங்கே ஒட்டிக்கொண்டு, காய்ந்தபிறகும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். இப்போது பாதித் தொட்டிகளுக்குத் தட்டே கிடையாது, கல்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அப்பா பழைய பல்துலக்கியோடு குனிந்து தேய்ப்பார், பேரன் குழாயைப் பிடிப்பான்.

பெலிம்பிங் மரத்தை வெட்டிவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். அம்மா முகம் மாறியது. அப்பாதான் சொன்னார், "அது என்ன செஞ்சிச்சு? நான் குடிச்சதுக்கு அது என்ன பண்ணும்." மரம் நிற்கிறது. காய் நெத்திலிச் சம்பாலுக்குப் போகிறது, அப்பாவின் பங்கு தவிர. மீதி அக்கம்பக்கத்துக்கு, கொடுக்கும்போதே சாறு குடிக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கிறார் அம்மா. பித்தளைச் சாமான் துலக்கவும் அது அருமையாக இருக்கிறது. குத்துவிளக்கு இப்போது எப்போதும் பளபளக்கிறது.

கவிழ்ந்திருந்த ஜாடி இந்த ஜனவரியில் நிமிர்ந்தது. மூன்று கிலோ எலுமிச்சை. அம்மா நறுக்க, நான் நிறுக்க, அப்பா மூன்று வாரம் காலையில் பல் துலக்கியதும் ஜாடியைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு போத்தல் போனது, பதிலுக்கு அந்தக் கரும்பழுப்புக் கஸ்தூரி நாலு வந்தது.

மதியச் சோற்றுக்கு அம்மா போத்தலைத் திறந்து, காய்ந்த கரண்டியால் ஒரு துண்டை எடுத்து அப்பாவின் தட்டோரம் வைக்கிறார். "ஒண்ணு" என்று சொல்லி, மூடியைத் திருகி, ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து உட்காருகிறார். அப்பா அதை உடனே தொடுவதில்லை. குழம்புச் சோறு முடிந்து, தயிர் ஊற்றிப் பிசைந்தபிறகு, நகத்தளவு இருக்கும் அந்தத் துண்டை விரலால் இரண்டாகக் கிள்ளுகிறார். ஒரு பாதி முதல் வாய்க்கு. மறுபாதியைத் தட்டின் விளிம்பில் ஒட்டிவைத்துவிட்டு, கடைசி வாய் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்.